கொலனோஸ்கோபிக்கு முன் என்ன கொடுக்கலாம்? கூழ் கொடுத்துத் தவறு செய்துவிட்டோம்

குடியாத்தத்து மகள்
திங்கள், காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். என் நைனாவுக்கு (அப்பாவுக்கு) 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. தை மாதத்திலிருந்தே மலத்தோடு ரத்தம் போயிருக்கிறது. மூலம்தான் என்று அவரே முடிவு செய்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததும் வேலூருக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும் என்று போன வியாழக்கிழமைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

சாப்பாடு பற்றிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். "இரண்டு நாள் மெதுவான ஆகாரம், முந்தைய நாள் தண்ணீர் ஆகாரம்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மெதுவான ஆகாரம் என்றால் கூழ்தான். பல் இல்லாத என் ஆயா கூழில்தான் காலம் தள்ளுகிறார். ஆடி மாதம் வேறு, தெருவில் அம்மனுக்கு ஊற்றிய கூழும் வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் கொடுத்தோம். புதன்கிழமை தண்ணீர் ஆகாரம்தானே என்று அதே கூழை மோரில் நன்றாகக் கரைத்துக் கொடுத்தோம். சாயங்காலம் பேதி மருந்து இரண்டு லிட்டர். கடைசி இரண்டு டம்ளர் குமட்டல் வந்து குடிக்க முடியவில்லை.

வியாழன் காலை உள்ளே அழைத்துப்போன கொஞ்ச நேரத்திலேயே டாக்டர் வெளியே வந்துவிட்டார். குடல் முழுக்கத் தவிடும் கீரையும் ஒட்டியிருக்கிறது, பாதிக்கு மேல் போக முடியவில்லை, மறுபடி செய்ய வேண்டும் என்றார். வரும் வெள்ளிக்கிழமை திரும்பவும் நாள் கொடுத்திருக்கிறார்கள். நைனா "அந்தத் தண்ணியை இன்னொரு தடவை என்னால் குடிக்க முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் எனக்குக் கேட்கவே வாய் வரவில்லை. இந்தத் தடவை எங்கள் பக்கம் தவறு நடக்கக் கூடாது. நம் வீட்டுச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெயிலூரான்
திங்கள், காலை 8.15

எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது. வெள்ளையாக இருப்பதை மட்டும் சாப்பிடுங்கள், அவ்வளவுதான். இட்லி, சோறு, பிரெட், தயிர். நைனாவிடம் சொல்லுங்கள், அந்த அறையில் வலி ஒன்றும் பெரிதாக இல்லை. மருந்து குடிப்பதுதான் சிரமம்.


காட்பாடி செவிலி
திங்கள், மதியம் 1.20

வெயிலூரான் அண்ணா சொன்ன கணக்கு ஓரளவுக்குச் சரி. ஆனால் தேங்காய்ச் சட்னி வெள்ளை, கொய்யாவும் உள்ளே வெள்ளை, எள்ளில் கூட வெள்ளை உண்டு. மூன்றுமே கூடாது. அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

தங்கச்சி, நான் எண்டோஸ்கோபி பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். உங்கள் வீட்டில் நடந்தது போல நூறு பேருக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. "மெதுவான ஆகாரம்" என்ற சொல்தான் கெடுக்கிறது. வாய்க்கு மெதுவாக இருக்கிறதா, வயிற்றுக்கு லேசாக இருக்கிறதா என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. செரித்து முடிந்த பிறகு குடலில் சக்கை எவ்வளவு மிஞ்சுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். கேழ்வரகைத் தோலோடுதான் அரைக்கிறோம். கூழ் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனாலும் அந்தத் தோல் செரிக்காது, பெருங்குடலுக்கு அப்படியே வந்து சேரும். மற்ற நாளில் அதுதான் அதன் நன்மை. சர்க்கரைக்காரர்களுக்குக் கேழ்வரகும் கீரையும் சாப்பிடச் சொல்கிறோமே, அதே காரணத்தால்தான் இந்த மூன்று நாளைக்கு மட்டும் வேண்டாம் என்கிறோம். நல்ல சாப்பாடு சாப்பிடுகிற வீட்டில்தான் இந்தக் குழப்பம் அதிகமாக வருகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நைனாவும் ஒத்துக்கொள்வார், அதனால் சொல்கிறேன். பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் சுவரில் சில மில்லிமீட்டர் அளவில், சில சமயம் மேடே இல்லாமல் தட்டையாகக் கூட, பாலிப் என்கிற சதை வளர்ச்சி இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து அங்கேயே எடுத்துவிட்டால் பிற்பாடு புற்றுநோயாக மாறுவதைத் தடுக்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். ஒரு கீரை இலை ஒட்டியிருந்தால் அதற்கடியில் இருப்பது தெரியாது. கேமராக் குழாயில் உறிஞ்சுவதற்கு இருக்கிற துளையும் சில மில்லிமீட்டர் அகலம்தான். கலங்கல் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். தக்காளி விதை, கத்தரிக்காய் விதை, கறிவேப்பிலை வந்தால் அடைத்துக்கொள்ளும். குழாயை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி விட வேண்டியிருக்கும்.

நிறுத்த வேண்டியவை: கேழ்வரகு, கம்பு, சோளம், தோலோடு அரைத்த கோதுமை, எல்லாக் கீரையும், கத்தரி, வெண்டை, தக்காளி, முருங்கைக்காய், அவரை, சுண்டல், முழுப்பயறு, தேங்காய், வேர்க்கடலை, எள், கொய்யா, மாதுளை, அத்தி, சப்ஜா விதை. நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, எனக்கு உயிர். ஆனால் ஒரு காய்க்குள் எத்தனை விதை என்று பாருங்கள்.

தாளிக்கிற கடுகும் கறிவேப்பிலையும் யாருக்கும் நினைவுக்கு வராது. "நாங்கள் ரசச்சோறுதான் கொடுத்தோம்" என்பார்கள். ரசத்தில் கடுகு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, தக்காளித் தோல் எல்லாம் கிடக்கும். ரசம் கொடுக்கலாம், மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுங்கள்.


ஆரணிக்காரர்
திங்கள், மாலை 6.05

எனக்கு எதற்கு மூன்று நாள் என்று புரியவில்லை. போன வருடம் எனக்குச் செய்தபோது முந்தைய நாள் மட்டும்தான் கட்டுப்பாடு. அன்றும் காலையில் இட்லி, மதியம் தயிர்ச்சோறு சாப்பிடச் சொன்னார்கள், சாயங்காலத்திலிருந்துதான் தண்ணீர். குடல் சுத்தமாக இருந்தது என்று எழுதியும் கொடுத்தார்கள். 61 வயதுச் சர்க்கரைக்காரரை மூன்று நாள் வாட்டுவது சரியா?


காட்பாடி செவிலி
திங்கள், இரவு 9.30

சார் கேட்டது நியாயமான கேள்வி. ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முந்தைய நாள் சக்கை குறைந்த சாப்பாடு என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவில் மூன்று குடல்நோய்ச் சங்கங்கள் சேர்ந்த குழு 2025இல் புதுப்பித்த பரிந்துரையும், சிக்கல் இல்லாதவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு முந்தைய ஒரு நாள் போதும், அன்று காலையும் மதியமும் சக்கை குறைந்த சாப்பாடு கொடுக்கலாம் என்கிறது. அதனால் உங்களுக்குச் சொன்னது சரிதான்.

ஆனால் அது சிக்கல் இல்லாதவர்களுக்கு. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் குடல் மெதுவாக நகரும். மலச்சிக்கல் இருந்தாலும், அதற்கான மாத்திரைகள் சாப்பிட்டாலும், ஒரு முறை சுத்தமாகாமல் திரும்பி வந்திருந்தாலும் கூடுதல் நாள் சொல்வார்கள். இந்த நைனாவுக்கு அதில் இரண்டு இருக்கின்றன. எத்தனை நாள் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்வதையே வையுங்கள். மூன்று நாள் என்றாலும் வாட்டம் இல்லை. முதல் இரண்டு நாள் வயிறு நிறையச் சாப்பிடலாம், சக்கை மட்டும் கூடாது.


ஆம்பூர் அடுப்படி
செவ்வாய், காலை 6.50

என் மாமியாருக்கு மூன்று நாளும் சமைத்துக் கொடுத்தவள் நான். என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உதவும்.

காலையில் இட்லி. சட்னி கிடையாது. சீனி தொட்டுக்கொண்டார், மறுநாள் வடிகட்டிய கோழிச் சாற்றில் ஊறவைத்துக் கொடுத்தேன். இடியாப்பம் செய்தால் தேங்காய்ப்பால் வேண்டாம், பசும்பாலும் சீனியும் போதும். உங்கள் நைனாவுக்குச் சர்க்கரை என்பதால் இனிப்பை அளந்து கொடுங்கள். மதியம் குழைய வடித்த பச்சரிசிச் சோறு, மோர், தோல் சீவி வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு. உருளையில் மஞ்சளும் உப்பும் மட்டும். முட்டை அவித்துக் கொடுக்கலாம். தோல் எடுத்த கோழிக்கறி, முள் எடுத்த மீன் இரண்டும் சக்கை இல்லாதவைதான். இதைத் தெரிந்துகொண்டதும் மாமியாருக்கு முகமே மலர்ந்துவிட்டது. பத்தியம் என்றால் கறி மீன் கூடாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ராத்திரிக்கு வெள்ளை ரவைக் கஞ்சி, இல்லையென்றால் ஜவ்வரிசி.

அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். பிரியாணி வாசனை வரும்போது மாமியார் கேட்காமல் இருப்பாரா? சீரகச் சம்பா அரிசியும் கறியும் பிரச்சினை இல்லை, ஆனால் அதில் புதினா, கொத்தமல்லி, தக்காளி, பச்சைமிளகாய் விதை எல்லாம் மசிந்து கலந்திருக்கும். கூட வைக்கிற கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும் சொல்லவே வேண்டாம். ஒரு பங்கை எடுத்து வைத்து, வீட்டுக்கு வந்த பிறகு கொடுத்தேன். யாராவது ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா கொண்டுவந்தால் அதையும் தள்ளி வையுங்கள், உள்ளே முந்திரி பாதாம் எல்லாம் இருக்கும்.


குடியாத்தத்து மகள்
செவ்வாய், காலை 10.10

அக்கா, ரொம்ப நன்றி. கறிக்குழம்புக்குப் பதிலாகக் கோழிச் சாறு என்றதும் நைனா காது கொடுத்துக் கேட்டார். இன்று காலை இட்லியும் சாறும் சாப்பிட்டாயிற்று. சக்கை என்று சொன்னதும் அவருக்கே புரிந்துவிட்டது. மாட்டுக்குத் தவிடு வைத்தவர் அல்லவா.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, வியாழன் முழுக்கத் தண்ணீர் ஆகாரம் என்றால் எதையெல்லாம் கொடுக்கலாம்? இரண்டு, அவர் வெற்றிலை போடுவார், அது சாப்பாட்டில் சேருமா? மூன்று, சர்க்கரை மாத்திரை.


காட்பாடி செவிலி
செவ்வாய், மதியம் 2.00

வெற்றிலையை இன்றே நிறுத்துங்கள். நாரும் பாக்குத் தூளும் உள்ளே போகும், சிவப்பும் ஏறும். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் கூடாது. பீட்ரூட், திராட்சை ஜூஸ், ரோஸ் மில்க், தர்ப்பூசணி, சிவப்பு ஜெல்லி எல்லாம் உள்ளே ரத்தம் போலத் தெரியும். ரத்தம் போகிறது என்றுதான் பார்க்கவே வருகிறார், அதில் இந்தக் குழப்பமும் சேரக் கூடாது.

தண்ணீர் ஆகாரம் என்றால் கண்ணாடி டம்ளரில் ஊற்றி மறுபக்கம் விரலை வைத்தால் விரல் தெரிய வேண்டும். வழுக்கை இல்லாத இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத டீ அல்லது காபி, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ், எண்ணெய் எடுத்து வடிகட்டிய கோழிச் சாறு, உப்புச்சர்க்கரைக் கரைசல், நிறமில்லாத கோலி சோடா. பால், மோர், கூழ், பழக்கூழ் எதுவும் கிடையாது. ரொம்பப் பேர் தவறுவது பால் டீயில்தான். ஒரு டீ என்ன செய்துவிடும் என்று பஸ் நிலையத்தில் குடித்துவிட்டு வருவார்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்க வைக்காதீர்கள், உப்பும் சர்க்கரையும் உள்ளே போகவில்லை என்றால் நம் ஊர் வெயிலுக்குத் தலை சுற்றும்.

மாத்திரை விஷயத்தில் நான் பொதுவாகத்தான் சொல்ல முடியும். டாக்டரிடம் பட்டியலை அப்படியே காட்டிக் கேளுங்கள். சாப்பாடு குறையும்போது வழக்கமான அளவு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கிளிமிபிரைடு வகையில் அது அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று பெயர் இருந்தால் இன்றே போன் செய்து கேளுங்கள். அவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும். அப்போது சர்க்கரை அளவு ரொம்ப ஏறாமலே கூட இருக்கலாம், அதனால் கவனிக்காமல் போய்விடும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், மலத்தைக் கறுப்பாக்கி ஒட்ட வைக்கும், ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டியது. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரையை மட்டும் யாரும் தானாக நிறுத்தக் கூடாது. வியாழன் முழுக்கச் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள், அதுவும் தெளிந்த தண்ணீர்தான், தடையில்லை.


பாலாற்றங்கரை
செவ்வாய், இரவு 8.45

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு. இளநீர் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், பொட்டாசியம் ஏறுமாம். பேதி மருந்திலும் அவருக்குப் பாஸ்பேட் வகை வேண்டாம் என்றார்கள். அந்த வகை பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகமே 2008இல் சிறுநீரக எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. பதிலாக, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பெக் என்ற பேதி மருந்துப் பொடி கொடுத்தார்கள். இளநீர் எல்லோருக்கும் நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று பயணம். குடியாத்தத்தில் மருந்தைக் குடித்துவிட்டு காலையில் பஸ்ஸில் வர முடியாது. ரயிலில் கழிவறை உண்டு என்றாலும் காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடிப்பதற்குள் தவித்துவிடுவார். வியாழன் மதியமே வேலூருக்கு வந்து ஒரு அறை எடுங்கள். அறைக்குள்ளேயே கழிவறை இருக்க வேண்டும், தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முட்டி வலி இருந்தால் மேற்கத்திய கழிவறைதான். பதினைந்து முறைக்கு மேல் போவார், குத்துக்காலிட்டு உட்கார முடியாது.


வெயிலூரான்
புதன், காலை 7.00

தேங்காயை மறந்துவிட்டேன், செவிலி அக்கா திருத்தியது நல்லது. மருந்து குடிப்பது பற்றி என் அனுபவம். முதல் தடவை சாயங்காலமே இரண்டு லிட்டரையும் குடித்தேன், வாந்தி. இரண்டாவது தடவை பாதியைச் சாயங்காலம், பாதியைக் காலையில் குடிக்கச் சொன்னார்கள், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். குளிரவைத்து, உறிஞ்சு குழலில் நாக்கின் பின்பக்கமாக இழுத்துக் குடித்தேன். ஒவ்வொரு டம்ளருக்கும் பிறகு எலுமிச்சைத் துண்டை நாக்கில் தடவிக்கொண்டேன். முதல் முறை கழிவறைக்குப் போவதற்கு முன்பே ஆசனவாயைச் சுற்றித் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுங்கள். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. தடவாவிட்டால் நடுராத்திரிக்கு மேல் எரிச்சலில் அழுகை வந்துவிடும்.


காட்பாடி செவிலி
புதன், மதியம் 1.45

காலையில் குடிக்கிற அந்தப் பாதிதான் முக்கியம். ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் இறங்கிப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படியும். சாயங்காலமே எல்லாவற்றையும் குடித்து முடித்தவருக்கு அந்தப் பக்கம் மறுபடி கலங்கியிருக்கும். தட்டையான பாலிப் கண்ணுக்குத் தப்புவதும் அங்கேதான். இரண்டாவது பாதியை நான்கிலிருந்து ஆறு மணி நேரம் முன்னால் தொடங்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் முடிக்க வேண்டும். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம் இன்னும் முன்னதாக இருந்தால் அதையே வையுங்கள், மயக்கம் கொடுப்பவர்களுக்கு அது கணக்கு.

பெக் பொடியைச் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சர்க்கரையோ வேறு எதையுமோ நாமாகக் கலக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர். குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்தி, கொஞ்சம் நடக்கவிட்டு மறுபடி தொடங்குங்கள். நிறுத்திவிடாதீர்கள். வாந்தி நிற்கவில்லை, வயிறு உப்பி வலிக்கிறது என்றால் போன் செய்யுங்கள். கடைசியில் சிறுநீர் போல மஞ்சளாக, தெளிவாகப் போக வேண்டும். காபி நிறத்தில் கலங்கலாகப் போனால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.


குடியாத்தத்து மகள்
சனி, காலை 9.15

எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது.

அவருடைய மாத்திரையில் டாபாகிளிஃப்ளோசின் இருந்தது. செவ்வாய்க்கிழமையே போன் செய்தோம். உடனே நிறுத்தச் சொன்னார்கள், மற்ற மாத்திரைகளுக்கும் அளவு மாற்றிக் கொடுத்தார்கள். வியாழன் மதியம் வேலூரில் அறை எடுத்தோம். சாயங்காலம் ஒரு லிட்டர், காலை ஐந்து மணிக்கு ஒரு லிட்டர். ராத்திரி ஒருமுறை சர்க்கரை 68 வந்தது, குளுக்கோஸ் கொடுத்ததும் ஏறிவிட்டது. காலையில் ஐந்தாவது டம்ளரில் குமட்டியது. வராண்டாவில் கைபிடித்து நடந்தோம், மறுபடி குடித்தார். "போன தடவை இந்த ரெண்டு டம்ளரைத்தான்மா விட்டேன்" என்று அவரே சொல்லிக்கொண்டு குடித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏழு மணிக்கு மேல் போனது தெளிந்த மஞ்சள் தண்ணீர்.

அறிக்கையில் குடல் சுத்தத்துக்கு 9க்கு 8 என்று போட்டிருக்கிறார்கள். மூன்று பாகத்துக்கும் தனித்தனியாக மூன்று வரை மதிப்பெண்ணாம். வலப்பக்கத்தில் இரண்டு பாலிப் இருந்தன. போன தடவை அந்த இடத்துக்கே போக முடியவில்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டையும் அங்கேயே எடுத்துவிட்டார்கள், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூலமும் இருக்கிறது. அடுத்த வாரம் முடிவு வரும்.

இன்று காலை இட்லி சாப்பிட்டார். கூழ் எப்போது என்று கேட்டார், நாளையிலிருந்து கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.


சோளிங்கர் அண்ணி
ஞாயிறு, மாலை 5.30

இப்போதுதான் முழுக்கப் படித்தேன். என் நாத்தனாருக்கு புதன்கிழமை கொலனோஸ்கோபி. மலச்சிக்கல் இருப்பதால் இசப்கோல் குடிக்கிறார். அதுவும் தண்ணீரில் கரைப்பதுதானே, தொடரலாமா?


காட்பாடி செவிலி
ஞாயிறு, இரவு 7.10

வேண்டாம் அண்ணி, அது முழுக்க உமிதான். குடலில் ஊறி உப்பி நிற்கும். இன்றே நிறுத்திவிட்டு, மலச்சிக்கல் இருப்பதை நாளை காலையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு மருந்து முன்கூட்டியே கொடுப்பார்கள்.